உழைப்பு வேறு, பயிற்சி வேறு

உடற்பயிற்சியைப் பற்றி நம் மலைநாட்டில் யாரிடமாவது பேச்செடுத்தால், இரண்டில் ஒரு விடை வரும். தோட்டத்தில் தொழில் செய்பவரைக் கேட்டால், "நாள் முழுதும் மலையேறி இறங்குகிறோமே, அது போதாதா?" என்பார். பாடசாலையிலோ வங்கியிலோ கச்சேரியிலோ நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்பவரைக் கேட்டால், "அதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார். முதலாமவர் உழைப்பையே பயிற்சி என்று கருதுகிறார். இரண்டாமவர் பயிற்சி என்பதை நெடுநேரம் செய்யவேண்டிய ஓர் உழைப்பாகக் கருதுகிறார். இரண்டு விடைகளுக்கும் வேர் ஒன்றுதான். உழைப்பும் பயிற்சியும் ஒன்றே என்னும் எண்ணந்தான் அந்த வேர். அவை இரண்டும் ஒன்றல்ல என்பதையும், அந்த வேறுபாட்டை அறிந்தவருக்கு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் கிடைத்தாலே பெரும்பயன் உண்டு என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் உடற்கல்வி ஆசிரியன் அல்லேன். கல்லூரியில் தமிழும் இந்து நாகரிகமும் கற்பிப்பவன். நாற்பத்தைந்தாம் வயதில் வைத்தியர் ஒருவர் நாடாவை எடுத்து என் இடுப்பை அளந்து, 97 சென்ரிமீற்றர் என்று எழுதினார். இரத்தத்தில் சீனியின் அளவும் எல்லைக்கோட்டை நெருங்கியிருந்தது. "மாஸ்டர், நிறையைப் பற்றி அதிகம் எண்ணவேண்டாம். இந்த இடுப்பளவைக் குறையுங்கள், கை கால்களில் தசையை வளருங்கள்" என்றார். அன்றுமுதல் இப்பொருள் பற்றிப் படித்தவற்றையும் செய்து கண்டவற்றையுமே இங்கே சொல்கிறேன்.

மலையிலிருந்து நாற்காலிக்கு

என் பாட்டனாரும் பாட்டியாரும், பின்னர் என் தாயாரும் தோட்டத்தில் பேர் பதிந்து உழைத்தவர்கள். எங்கள் தலைமுறையில் பலர் படித்து, மலையை விட்டு நாற்காலிக்கு வந்துவிட்டோம். பெற்றோர் பட்ட பாட்டினால் விளைந்த பேறு இது. இதை யாரும் குறைவாகப் பேசமுடியாது. ஆயினும் உடம்பு ஒன்று இருக்கிறதே, அதற்கு இந்த உத்தியோக உயர்வு விளங்குவதில்லை. அசைவதற்கென அமைந்த உடம்பை ஆறு மணி, எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் இருத்திவைத்தால், அது தன் வழியில் மாறத் தொடங்குகிறது.

இலண்டன் மாநகரத்து பஸ் வண்டிகளைக் கொண்டு இவ்வுண்மையைக் காட்டியவர் ஜெரமி மொறிஸ் என்னும் மருத்துவ அறிஞர். அங்கே மாடி பஸ்களில் சாரதி நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ நாள் முழுதும் படியேறி இறங்குவார். இருவரும் ஒரே வண்டியில், ஒத்த வாழ்க்கைத் தரத்தில் வாழ்பவர்கள். ஆயினும் சாரதிகளுக்கே மாரடைப்பு நோய் அதிகம் வருகிறது என்பதை அவரும் அவருடைய தோழர்களும் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1956ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வு சுவையானது. பஸ் ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் சீருடைகளின் அளவுகளை ஆராய்ந்தபோது, சாரதிகளின் காற்சட்டைகளே இடுப்பில் பெரியனவாக இருந்தன!

நம் இனத்தவருக்கு இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யட்கின் என்னும் நண்பர் இருவர் தம் படத்தையும் உடலளவுகளையும் 2004ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் எண் இருவருக்கும் 22.3. பார்த்தால் இருவரும் மெலிந்தவரே. ஆயினும் ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, இந்தியர் உடம்பிலோ 21.2 பங்கு. மெலிந்த தோற்றத்துக்குள்ளே தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கும் இயல்பு தென்னாசியரிடம் பரவலாகக் காணப்படுகிறது. ஆதலால், "நான் பருமன் இல்லையே!" என்று தராசைப் பார்த்து மகிழ்வது நமக்குப் பொருந்தாது. நாடாவைப் பார்க்கவேண்டும். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடுப்பளவின் எச்சரிக்கைக் கோடுகளாக வகுக்கப்பட்டுள்ளன.

தசை என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று. நாம் உண்ட சோறு சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கும்போது, அதில் பெரும்பங்கை வாங்கிச் சேமிக்கும் களஞ்சியம் தசையே. களஞ்சியம் சுருங்கினால் நெல் முற்றத்தில் கிடக்கும். நீரிழிவின் கதையில் பாதி இதுதான்.

உழைப்பு ஏன் போதாது?

இனி, மலையேறி இறங்குகிறவர்களின் வாதத்தைப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது. குளிர்ந்த காற்றையும் உடல்நலத்தையும் நாடி வெள்ளைக்காரர் குடியேறிய ஊர் இது. அவர்கள் 1889ஆம் ஆண்டளவில் இங்கே கோல்ப் ஆட்டத்துக்கென ஒரு கழகம் அமைத்தார்கள். அதே மலைகளில் நம் முன்னோர் முதுகிற் கூடையோடு கொழுந்து பறித்தார்கள். இருவரும் நடந்தது மலைச்சரிவில்தான். ஒருவருக்கு அது நலம் தந்தது. மற்றவருக்கு மூட்டுவலி தந்தது. ஏன்?

என் தாயார் முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். சில ஆண்டுகளுக்கு முன், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ அவரால் இயலவில்லை. அத்தனை ஆண்டு மலையேறிய கால்களுக்கு அந்த வலிமை எங்கே போயிற்று?

விடை கடினமானதன்று. பயிற்சியால் தசை வளர்வதற்கு மூன்று வேண்டும். முதலாவது, நேற்றையதைவிடச் சற்றே மிகுந்த சுமை. இரண்டாவது, புரதம் நிறைந்த உணவு. மூன்றாவது, ஓய்வு. தசை வளர்வது சுமை தூக்கும் வேளையில் அன்று. பின்னர் உண்டு உறங்கும் வேளையில்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இம்மூன்றில் எது கிடைத்தது? விரலும் தோளும் கழுத்தும் ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்தன. அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டியும் சம்பலும் இனித்த தேத்தண்ணியும் உட்கொண்டு மலைக்குப் போய், மாலையில் வந்து மீண்டும் அடுப்படியில் நின்றார். சுமை இருந்தது, உணவும் ஓய்வும் இல்லை. அத்தகைய உழைப்பு உடம்பைக் கட்டுவதில்லை, தேய்க்கிறது. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய குடிசன சுகாதார ஆய்வில், நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாகக் காணப்பட்டனர். தாயின் தட்டில் இல்லாதது பிள்ளையின் எலும்பிலும் இல்லாமற் போகிறது. ஆகையால் தோட்டத் தொழிலாளரிடம் போய், "ஓடுங்கள், குதியுங்கள்" என்று உபதேசிப்பது அறிவுடைமை ஆகாது. பருப்பும் பயறும் முட்டையும், தக்க ஓய்வுமே அவர்களுக்கு முதற்பயிற்சி. அதன்பின் வேண்டுவது, நாள் முழுதும் குனிந்த முதுகையும் தோளையும் எதிர்ப்புறமாக நிமிர்த்தி வலுவேற்றும் சில நிமிடங்களே.

தாயாரிடம் நான் இதைச் சொன்னபோது, "நாப்பது வருசமா மலையேறி எறங்குனவளுக்கு இப்பப் போயி டிரில்லாய்யா?" என்று சிரித்தார். ஆயினும் என் பேச்சுக்கு இணங்கினார். உயரமான நாற்காலியிலிருந்து, முதலில் கையை ஊன்றியும் பின்னர் ஊன்றாமலும், எட்டுத் தடவை எழுந்து அமர்வது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இவ்வளவுதான். கூடவே நாளுக்கு ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் அவித்த பயறும் சேர்த்தோம். மூன்று மாதத்தில் கையை ஊன்றாமல் எழுந்தார். சென்ற ஆண்டு சீதா எலியவில் சீதையம்மன் கோயிலுக்குப் போனபோது, என் தோளைப் பிடிக்காமலே படிகளில் நடந்தார்.

முதுமையில் தசை வளருமா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் பொஸ்ரன் நகரில் 1990ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சராசரி தொண்ணூறு வயதுள்ள முதியோர் பதின்மருக்கு எட்டு வாரம் சுமைப் பயிற்சி அளித்தனர். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொண்ணூறில் முடிந்தது நாற்பதில் முடியாதா?

நேரத்தின் கணக்கு

இப்போது, "நேரமில்லை" என்பவர்களுக்கு வருவோம். இந்தக் குறை புதிதன்று. 1950களின் பிற்பகுதியில் கனடா நாட்டு விமானப் படையினர் இதே இக்கட்டில் இருந்தனர். விமானிகளில் பலர் உடல்தகுதி குன்றியிருந்தனர். தொலைவிடங்களில் பயிற்சிக்கூடங்களும் இல்லை. பில் ஓர்பன் என்பவர் அவர்களுக்காக ஐந்தே அசைவுகள் கொண்ட ஒரு திட்டம் வகுத்தார். நாளுக்குப் பதினொரு நிமிடம். கருவி எதுவும் வேண்டியதில்லை. பெண்களுக்கென வகுத்த திட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். அதில் உள்ள அசைவுகள் சிலவற்றை, இடுப்புக்கு ஊறு செய்யும் என்று இன்று விலக்கிவிட்டார்கள். ஆனால் அதன் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது: நேரத்தை நீட்டாதே; அதே நேரத்துக்குள் முயற்சியைப் படிப்படியாக உயர்த்து.

பிற்கால ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுவூட்டின. 1996ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தபாதா, இருபது விநாடி கடும் முயற்சி, பத்து விநாடி ஓய்வு என்று மாறிமாறிச் செய்யும் சில நிமிடப் பயிற்சியால், நெடுநேரப் பயிற்சிக்கு இணையான மூச்சு வலிமை பெறலாம் எனக் காட்டினார். 2016ஆம் ஆண்டில் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் கிபாலா என்பவரின் குழுவினர் இரு சாராரைப் பன்னிரண்டு வாரம் பயிற்றினர். ஒரு சாரார் வாரத்தில் மூன்று நாள் 45 நிமிடம் சைக்கிள் மிதித்தனர். மற்றவர்கள் பத்தே நிமிடம் மிதித்தனர். அதிலும் மும்முறை, இருபது விநாடி மட்டுமே முழுமூச்சாக மிதித்தனர். மூச்சு வலிமை இரு சாராருக்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது. அதே பல்கலைக்கழகத்து இன்னோர் ஆய்வு, இலேசான சுமையையும் தசை களைக்கும்வரை தூக்கினால், பாரமான சுமைக்கு நிகராகத் தசை வளர்வதைக் கண்டது. இரும்புக் குண்டு வாங்க வசதியற்ற நமக்கு இது நற்செய்தி அல்லவா?

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்த நெறி, வாரத்துக்கு 150 நிமிட மிதமான அசைவையோ 75 நிமிடக் கடும் அசைவையோ, அவற்றோடு இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் வேண்டுகிறது. சிறுசிறு துண்டுகளாகச் செய்தாலும் கணக்கில் சேரும். நம் ஊரில் பஸ் நிறுத்தத்துக்குப் போய்வருவதே ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால், நடை என்னும் பங்கு நமக்குப் பெரும்பாலும் எளிதில் கிடைத்துவிடுகிறது. குறைவது தசைப் பயிற்சியே.

இருபது நிமிடத்தில் என்ன செய்வது?

நம் பெரியோர் விட்டுச்சென்ற தண்டாலுக்கும் பஸ்கிக்கும் ஆள் நீளத் தரை போதும். 1930களில் பெங்களூரில் புகழ்பெற்று விளங்கிய கே. வி. ஐயர், சூரிய நமஸ்காரத்தையும் சுமைப் பயிற்சியையும் இணைத்தே கற்பித்தார். பழையதும் புதியதும் பகையல்ல. நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன்.

முதல் மூன்று நிமிடம் உடம்பைச் சூடாக்குவதற்கு. நின்ற இடத்தில் நடந்து, தோளைச் சுழற்றி, இடுப்பை மெல்ல வளைக்கவேண்டும். நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் இதை விட்டால் தசை பிடித்துக்கொள்ளும்.

பின்னர் நான்கு அசைவுகள். முதலாவது, இருந்து எழுதல்: தொடக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து எழலாம், வலிமை வந்தபின் பஸ்கி. இரண்டாவது, தள்ளுதல்: முதலில் சுவரை, பின்னர் மேசை விளிம்பை, அதன்பின் தரையில் தண்டால். மூன்றாவது, இழுத்தல்: ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகு வளையாமல் முன்சாய்ந்து, அரிசி இட்ட பையை மறுகையால் இடுப்புவரை இழுத்து இறக்கவேண்டும். நான்காவது, தூக்குதல்: அதே பையை, முதுகை நேராக வைத்து இடுப்பிலே மடிந்து, தரையிலிருந்து தூக்கி நிமிரவேண்டும். ஒவ்வொன்றும் எட்டுமுதல் பன்னிரண்டு தடவை. "இன்னும் இரண்டுதான் முடியும்" என்னும் நிலையில் நிறுத்தவேண்டும். நான்கும் முடிந்தால் ஒரு சுற்று. ஒரு நிமிடம் மூச்சு வாங்கி, மூன்று சுற்றுச் செய்தால் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஆகும்.

எஞ்சிய நான்கு நிமிடத்தில், வீட்டருகே உள்ள படியிலோ ஏற்றத்திலோ இருபது விநாடி விரைந்து ஏறி, மெல்ல இறங்கி, நான்கைந்து தடவை செய்யலாம். நெஞ்சுவலி, இருதய நோய், மிகுந்த இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இந்தக் கடைசிப் பகுதியைச் செய்யலாகாது. பயிற்சிக்கு மறுநாள் தசைக்கு ஓய்வு. அன்று நடந்தாற் போதும்.

பழங்காலக் கிரேக்க மல்லன் மைலோ, ஒரு கன்றைத் தினந்தோறும் தோளில் சுமந்து, அது காளையானபோதும் சுமந்தான் என்று ஒரு கதை உண்டு. பயிற்சியின் முழுச் சூத்திரமும் அதற்குள் அடங்கும். பையில் இரண்டு கிலோவோடு தொடங்குங்கள். மூன்று சுற்றிலும் பன்னிரண்டு தடவை எளிதாக வந்துவிட்டால், இன்னொரு கிலோ சேருங்கள். சுமை ஏறாவிட்டால் பயிற்சி மெல்ல மெல்ல வெறும் உழைப்பாகிவிடும்.

தேத்தண்ணியில் கரையும் நடை

தசையை வளர்ப்பது பயிற்சி. கொழுப்பைக் கரைப்பது பெரும்பாலும் தட்டும் கோப்பையும். தேயிலை விளையும் நாட்டில் வாழும் நாம் கோப்பையிலிருந்தே தொடங்கலாம். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனியாக நாளுக்கு ஐந்து கோப்பை அருந்துபவர், பதினைந்து தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 60 கிராம் சீனி உட்கொள்கிறார். அதில் 240 கலோரி உண்டு. நடுத்தர உடலுடையவர் சமதரையில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியது 7,700 கலோரி என்பது பொதுக் கணக்கு. உடம்பு கடைக்காரரின் கணக்குப் புத்தகம்போலத் துல்லியமாக நடப்பதில்லை எனினும், முப்பத்திரண்டு நாட் சீனியில் ஒரு கிலோ கொழுப்புக்குரிய எரிபொருள் இருக்கிறது என்பதை நினைவில் வைப்பது நன்று. நான் மூன்று கரண்டியை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, நான்கு மாதத்தில் சீனியில்லாத் தேநீருக்கு வந்தேன். நம் மலைத் தேயிலையின் மணம் எத்தகையது என்பதை அதன்பின்பே அறிந்தேன்.

சோற்றை அறவே விடவேண்டியதில்லை. ஓர் அகப்பை குறைத்து, அந்த இடத்தில் பருப்போ கடலையோ பயறோ சோயாவோ, உண்பவராயின் முட்டையோ மீனோ சேர்த்தால் பசியும் அடங்கும், தசைக்கும் உணவாகும். முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணச் சொன்ன வள்ளுவரைவிடச் சிறந்த உணவு ஆலோசகர் நமக்கு யார்?

பதினொரு மாதத்தில் என் நிறை நான்கு கிலோவே குறைந்தது. இடுப்பளவோ 89 சென்ரிமீற்றருக்கு இறங்கிற்று. சீனியும் கட்டுக்குள் வந்தது. தராசை மட்டும் நம்பியிருந்தால் பாதி வழியில் மனம் தளர்ந்திருப்பேன்.

வீட்டில் யாருடைய நேரம்?

இறுதியாகக் குடும்பத்தவர்களுக்கு ஒரு சொல். என் மனைவியாரும் ஆசிரியையே. நான் பயிற்சி செய்த நாட்களில் அவர் அடுப்படியில் மதிய உணவுப் பொதி கட்டிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இருபது நிமிசம் இருக்கு. எனக்கு எங்கே இருக்கு?" என்று அவர் கேட்ட கேள்விக்கு எந்த ஆய்விலும் விடை இல்லை. விடை வீட்டில்தான் இருந்தது. வாரத்தில் மூன்று காலை சமையலையும் பொதி கட்டுவதையும் நானும் மகனும் ஏற்றுக்கொண்டோம். அவருக்கும் இருபது நிமிடம் கிடைத்தது. பெண்களுக்கு "நேரமில்லை" என்பது பெரும்பாலும் சாக்கன்று, உண்மை நிலை. அந்த நேரத்தை வீட்டிலுள்ள ஆண்கள் தங்கள் கையாற் கொடுக்கவேண்டும்.

மாணவர்களே, பரீட்சை நெருங்கினால் முதலில் கைவிடப்படுவது விளையாட்டு மைதானம். பெண் பிள்ளைகள் பருவம் எய்தியதும் அதை அறவே மறந்துவிடச் செய்யப்படுகிறார்கள். இரண்டும் வேண்டாதவை. இருபது நிமிடப் பயிற்சி படிப்பைத் திருடாது. பயிற்சிக்குப் பின் மனம் தெளிந்து புத்தகத்தில் ஊன்றுவதை நீங்களே காண்பீர்கள். விரைவில் உடம்பை ஏற்றித் தருவதாக விற்கும் பொடிகளையும் ஊசிகளையும் நாடாதீர்கள். ஒரு கிண்ணம் பயறும் எட்டு மணி நேர உறக்கமும் அவற்றினும் மேலானவை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். நம் பெற்றோர் தம் சுவரைத் தேய்த்து நமக்குச் சித்திரம் எழுதிக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு நல்ல உணவையும் ஓய்வையும் கொடுத்து, நம் சுவரையும் நாளுக்குச் சிறிது பூசிக் காப்பது அந்தக் கடனில் ஒரு பகுதியையேனும் தீர்ப்பதாகும். நாளை திங்கட்கிழமை. பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுத் தொடங்கிப் பாருங்கள்.